பழைய ராணுவ ஜீப்: ஸ்டியரிங் பாகங்களைத் திரும்பப் பொருத்தும் முறை

வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். பிரேக் பிடிக்கவில்லை என்றால் கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஸ்டியரிங் கைவிட்டுவிட்டால் ஓட்டுநர் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஆகவேதான் அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் எஞ்சின் வேலையைச் சீடனிடம் விட்டாலும் ஸ்டியரிங் வேலையைத் தாமே முடிப்பார்கள்.

ராணுவப் பணிமனைகளிலும் படைத்தளவாடத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பதற்காக வடக்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பழைய ஜீப்புகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பதை இன்று ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். வரவேற்கத்தக்க பொழுதுபோக்குதான். ஆனால் கழற்றுவது அரைநாள் வேலை, பூட்டுவதுதான் வித்தை. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு ஒரு வாஷரோ ஸ்பிரிங்கோ பெஞ்சின் மேல் மிஞ்சிக் கிடந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது, அதை எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜீப்பை எடுத்துக்கொள்வோம். பாண்டம் நிறுவனம் 1940 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைத்த முன்மாதிரியிலிருந்து வளர்ந்தது இது. வில்லிஸ் நிறுவனம் தயாரித்தது வில்லிஸ் எம்.பி. அதே வரைபடத்தைக் கொண்டு ஃபோர்டு தயாரித்தது ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. 1941 முதல் 1945 வரை இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்தன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 80 அங்குலம். மின்சாரம் 6 வோல்ட். இரண்டு நிறுவனத்து ஜீப்பிலும் ஸ்டியரிங் பெட்டி ஒரே வகைதான்.

அசாமில் லேடோவிலிருந்து சீனத்துக் குன்மிங் வரை போட்ட சாலையில் இந்த ஜீப்புகள் ஓடின. போர் முடிந்ததும் பல வண்டிகள் நம் நாட்டிலேயே தங்கி, ஏலத்தில் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1947இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கியது. பழைய ஜீப்புகளின் பின்புறம் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று எழுதியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்த இடதுபக்க ஸ்டியரிங் அமெரிக்கப் பிறப்பின் அடையாளம்.

ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவான ஜோங்கா போன்ற வண்டிகளை வைத்திருப்போருக்கும் இங்கே சொல்லும் பொதுக் கொள்கைகள் பொருந்தும். ஆனால் அளவுகள் பொருந்தா. அவரவர் வண்டியின் கையேட்டைப் பார்த்தே அளவுகளைக் கொள்ள வேண்டும்.

பாகங்களும் அவற்றின் வேலையும்

‘ஸ்டியரிங் காலம்’ என்று பட்டறையில் சொல்வது நேரத்தைக் குறிக்கும் காலம் அல்ல. தூண் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. அந்தத் தூணில் இரண்டு குழாய்கள் உண்டு. வெளியே தெரிவது உறைக்குழாய். அது சுழலாது. அதற்குள்ளே சுழல்வது ஸ்டியரிங் தண்டு. தண்டும் உள்ளே வெற்றிடமான குழாய்தான். அந்தத் துளை வழியாகவே ஹாரன் கம்பி மேலே ஏறுகிறது.

தண்டின் கீழ்முனையில் திருகு போன்ற பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. இதைக் கேம் என்கிறார்கள். அமெரிக்காவின் ராஸ் நிறுவனம் வடிவமைத்த இந்தப் பெட்டியில், குறுக்கே ஒரு நெம்புத்தண்டு கிடக்கிறது. அதில் இரண்டு முளைகள் நீட்டிக்கொண்டு கேமின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வீலைத் திருப்பினால் கேம் சுழலும். பள்ளம் முளைகளைத் தள்ளும். நெம்புத்தண்டு திரும்பும். பெட்டிக்கு வெளியே அதில் மாட்டியுள்ள பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னும் அசையும். அங்கிருந்து டிராக் லிங்க், பெல் கிராங்க், இரண்டு டை ராடுகள் வழியாக அசைவு முன்சக்கரங்களை அடைகிறது.

இந்தப் பெட்டியின் விகிதம் 14–12–14 என்று குறிக்கப்படும். நேராகப் போகும்போது வீல் 12 டிகிரி திரும்பினால் பிட்மேன் ஆர்ம் 1 டிகிரி திரும்பும். முழுக்க ஒடிக்கும் இடத்தில் 14 டிகிரிக்கு 1 டிகிரி. அதாவது, நேரோட்டத்தில் சற்று வேகமான பதில். ஒடிக்கும்போது கைக்குச் சற்று இலகு. கேமின் நடுப்பகுதியில் பள்ளம் வேண்டுமென்றே சற்று இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலான நேரம் வண்டி நேராகத்தான் ஓடும் என்பதால் தேய்மானமும் அங்கேதான் வரும். எனவே ஆட்டத்தைச் சரிசெய்வதும் அந்த நடு இடத்தை வைத்தே இருக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஓர் அங்குல ஆட்டம் என்ன செய்யும்?

“பழைய வண்டி, கொஞ்சம் பிளே இருக்கத்தான் செய்யும்” என்று சொல்வது வழக்கம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீலின் விட்டம் சுமார் 17 அங்குலம். சுற்றளவு சுமார் 53 அங்குலம். ஆகவே விளிம்பில் ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய 7 டிகிரி. இதை 12ஆல் வகுத்தால் பிட்மேன் ஆர்மில் சற்றேறக்குறைய அரை டிகிரி. முன்சக்கரங்களும் அதே அரை டிகிரி திரும்பியிருப்பதாகக் கொள்வோம். 80 அங்குல இடைத்தூரமுள்ள வண்டி அப்போது சுமார் 230 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். அப்படி 30 மீட்டர் ஓடினால் நேர்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 2 மீட்டர் விலகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டரைக் கடக்க 2 விநாடிகூட ஆகாது.

அந்த ஓர் அங்குலத்துக்குள் வண்டி போகும் திசை ஓட்டுநர் கையில் இல்லை என்பதுதான் இதன் பொருள். எதிரே லாரி வரும் இரு வழிச் சாலையில் 2 மீட்டர் எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோதலில் மடங்கிக்கொடுக்கும் ஸ்டியரிங் தூணை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967 மாடல் கார்களில்தான் கொண்டுவந்தது. நம் ஜீப் அதற்கு முந்தையது. பெட்டியிலிருந்து ஓட்டுநரின் மார்பை நோக்கி ஒரே இரும்புத் தண்டு நீண்டிருக்கிறது. ஆகையால் மோதாமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு.

பட்டறை மொழி

தமிழ் படித்து வளர்ந்த பெரியவர்களுக்கும், இந்தி பேசும் மிஸ்திரியிடம் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கும் சொற்கள் வேறுபடுகின்றன. இருவருக்கும் உதவும்படி ஒரு சிறு பட்டியல்:

ஸ்பேனர் — இந்திப் பட்டறையில் ‘பானா’
மரை — ‘சூடி’
பேரிங் குண்டு — ‘சர்ரா’
திருப்புளி — ‘பேச்கஸ்’
உளி — ‘சேனி’
கடைசல் எந்திரம் — ‘கராத்’

“சூடி போய்விட்டது” என்று மிஸ்திரி சொன்னால் வளையல் தொலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மரை தேய்ந்துவிட்டது என்கிறார்!

தொடங்குமுன்

1. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஹாரன் கம்பி தவறிப்போய் இரும்பில் பட்டால் ஹாரன் அலறும்.

2. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் அச்சைத் தூக்குவதானால் உறுதியான ஸ்டாண்டு மீது நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ வண்டியின் கீழே படுக்கக் கூடாது.

3. கழற்றும்போதே அடையாளம் இட்டிருக்க வேண்டும். பிட்மேன் ஆர்முக்கும் நெம்புத்தண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு; வீலின் நடுப்பகுதிக்கும் தண்டு முனைக்கும் குறுக்கே ஒரு கோடு. பெயிண்டு அழியும். சிறு பஞ்ச் குறி அழியாது.

4. வீலை எடுக்கப் புல்லர் பயன்படுத்த வேண்டும். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் எங்கும் உண்டு. அந்த அடி மரையைக் கெடுப்பதோடு நிற்காது. தண்டு வழியே இறங்கிக் கீழேயுள்ள பேரிங் கிண்ணத்தில் குண்டுகளின் பள்ளத்தைப் பதித்துவிடும். பிறகு வீலைத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்று விட்டுவிட்டுத் தடுக்கும்.

5. ஹாரன் கம்பியை வெளியே இழுக்குமுன் அதன் முனையில் உறுதியான சணல் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். கம்பி வெளியே வரும்போது கயிறு தண்டுக்குள் தங்கும. திரும்பப் பொருத்தும்போது அதே கயிறு கம்பியை உள்ளே இழுத்துத் தரும்.

பாகங்களைச் சோதித்தல்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கேமின் பள்ளத்தில், குறிப்பாக நடுவில், உரிந்த புள்ளிகள் இருக்கின்றனவா? நெம்புத்தண்டின் முளைகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றனவா? இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

கேமின் இரு முனைகளிலும் உள்ள குண்டுகளை எண்ணி எடுத்து வையுங்கள். ஒரு குண்டு சொட்டையாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உறைக்குழாயில் நசுங்கல் இருந்தால் உள்ளே தண்டு உரசும். தண்டை ஒரு சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

பிட்மேன் ஆர்மில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. பாகத்தை மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டியைப் பொடிசெய்து பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தெரியும். அப்படிப்பட்ட ஆர்மை வெல்டிங் செய்து பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டியரிங் பாகம் எதிலும் வெல்டிங் கூடாது. சூடாக்கி வளைப்பதும் கூடாது. வெப்பம் பட்ட இடத்தில் இரும்பின் பதம் மாறிவிடும். அது என்று ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பொருத்தும் வரிசை

முதல் படி: தண்டின் மேல்கீழ் ஆட்டம். பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்தே இதைச் செய்வது எளிது. பெட்டிக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். அவை 0.002, 0.003, 0.010 அங்குலக் கனங்களில் வரும். 0.003 அங்குலம் என்பது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். முதலில் பக்கமூடியிலுள்ள திருகைத் தளர்த்தி, முளைகளின் அழுத்தத்தைப் பள்ளத்திலிருந்து விலக்குங்கள். பிறகு தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள். இறுக்கமாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். மேல்மூடியை முழுக்க இறுக்கிய பிறகு, வீலைத் தற்காலிகமாகச் செருகி, விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் இலேசாகப் பிடித்துத் திருப்பினால் தடையின்றித் திரும்ப வேண்டும். ஆனால் மேல்கீழ் ஆட்டம் சிறிதும் தெரியக் கூடாது.

இரண்டாம் படி: முளைகளின் ஆட்டம். வீலை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை மெதுவாகத் திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். விளிம்பில் ஒரு துணித்துண்டைக் கட்டிக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. மொத்தம் 3 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைச் சுற்றில் நடு இடம். கடைசியில் போய் வேகமாக முட்டக் கூடாது, முளைகள் கெடும். இப்போது பக்கமூடியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பும்போது நடுவில் மட்டும் மிக இலேசான பிடிப்பு கைக்குத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். கேமின் நடுப்பகுதி இறுக்கமாக வெட்டப்பட்டிருப்பதாக முன்பு சொன்னதன் பயன் இங்கேதான். வீல் ஒரு பக்கம் ஒடிந்த நிலையில் வைத்து இறுக்கினால், அது நடுவுக்கு வரும்போது சிக்கிக்கொள்ளும்.

இந்த இரண்டு படிகளின் வரிசையை மாற்றக் கூடாது. மேல்கீழ் ஆட்டம் இருக்கும்போது முளைகளை இறுக்கினால் ஒரு குறை இன்னொரு குறையை மறைத்துவிடும்.

மூன்றாம் படி: பெட்டியைச் சட்டத்தில் மாட்டுதல். பெட்டியைச் சட்டத்தில் வைத்து போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். உறைக்குழாயைத் தண்டின் மேல் இறக்கி, கீழ்ப்பிடியைத் தளர்வாக வையுங்கள். தரைத்தகடுகளில் உள்ள துளை தூணைச் சுற்றி எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: தூணை நேராக்குதல். பெரும்பாலான குறைகள் பிறக்கும் இடம் இதுதான். மீட்டர் பலகையின் கீழுள்ள பிடிக்குள் தூண் தானாக வந்து உட்கார வேண்டும். வரவில்லை என்றால் பெட்டியின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போதே பெட்டியைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். தூணை இழுத்துப் பிடித்துப் போல்ட்டைப் போடக் கூடாது. அப்படிச் செய்தால் தண்டு எப்போதும் வளைந்த நிலையிலேயே சுழலும். மேல் பேரிங் தேயும். வீல் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் இலகுவாகவும் இருக்கும். சரியாக அமர்ந்த பிறகு முதலில் சட்டத்துப் போல்ட்டுகளையும், அடுத்துக் கீழ்ப்பிடியையும், கடைசியாக மீட்டர் பலகைப் பிடியையும் இறுக்குங்கள். ஒவ்வொன்றையும் இறுக்கிய உடனே தண்டைத் திருப்பிப் பாருங்கள். எதை இறுக்கியதும் கனத்ததோ, அங்கேதான் கோணல்.

ஐந்தாம் படி: மேல் பேரிங். உறைக்குழாயின் தலையில் ஒரு பேரிங் அழுத்தி உட்கார வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் ஸ்பிரிங்கைத் தாங்கும் சிறு இருக்கை. அதன் மேல் ஸ்பிரிங். இருக்கையின் குறுகிய முனை பேரிங்குக்குள் போக வேண்டும். வீலை இறுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, இருக்கையைப் பேரிங்குக்குள் தள்ளி, தண்டை நடுவில் நிறுத்துகிறது. பெஞ்சின் மேல் மிஞ்சிக் கிடக்கும் பாகம் பல வேளைகளில் இந்த ஸ்பிரிங்தான். அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் தண்டு உறைக்குழாய்க்குள் தடதடக்கும். கை நடுக்கம் வழியே சக்கரத்தில் குறையோ என்று தேடி அலைய வேண்டிவரும். பேரிங்குக்குச் சிறிது கிரீஸ் வையுங்கள்.

ஆறாம் படி: ஹாரன் கம்பி. சணல் கயிற்றைக் கொண்டு கம்பியை மெதுவாக மேலே இழுங்கள். இந்த வண்டியில் ஹாரனுக்கு மின்சாரம் முன்னதாகவே வந்து நிற்கும். பொத்தானை அழுத்தினால் கம்பி வண்டியின் உடலோடு சேர்ந்து சுற்று முடியும். ஆகவே கம்பியின் மேலுறை எங்கேனும் உரிந்து தண்டில் பட்டால், பொத்தானைத் தொடாமலே ஹாரன் அலறும். கம்பி பழையதாக இருந்தால் புதிதாகப் போடுவதே நல்லது.

ஏழாம் படி: வீல். முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பெட்டி நடு இடத்தில் இருக்கட்டும். பஞ்ச் குறிகள் நேர்ப்படும்படி வீலைத் தண்டின் பற்களில் செருகி, நட்டைக் கையேட்டின்படி இறுக்குங்கள். வீல் கோணலாக நிற்கிறது என்பதற்காக அதைக் கழற்றிப் பல் மாற்றிப் போடுவது சிலர் வழக்கம். கோணல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அப்படிச் செய்தால், பெட்டியின் நடு இடமும் சக்கரங்களின் நேர் நிலையும் பிரிந்துவிடும். பிறகு நேராக ஓடும்போது முளைகள் கேமின் தளர்ந்த பகுதியில் நிற்கும். ஆட்டம் தீரவே தீராது.

எட்டாம் படி: டிராக் லிங்க். பிட்மேன் ஆர்மைக் குறி பார்த்து மாட்டி நட்டை இறுக்குங்கள். டிராக் லிங்கின் முனைகளில் குண்டும் அதைத் தாங்கும் கிண்ணங்களும் ஸ்பிரிங்கும் திருகு மூடியும் உண்டு. மூடியை முழுக்க இறுக்கி, பின் அந்தந்த முனைக்குக் கையேடு சொல்லும் அளவு திருப்பித் தளர்த்தி, ஸ்பிளிட் பின் போட வேண்டும். தளர்த்தாமல் விட்டால் ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. பள்ளத்தில் விழும் ஒவ்வோர் அடியும் நேரே பெட்டிக்குப் போகும். ஸ்பிளிட் பின் புதியதாகவே இருக்க வேண்டும். ஒரு முறை மடக்கி நிமிர்த்திய பின் மறுமுறை மடக்கும்போது ஒடியும். மிகச் சிறிய பாகம்தான். ஆனால் அது விழுந்தால் மூடி கழலும். மூடி கழன்றால் குண்டு வெளியே வரும். குண்டு வந்துவிட்டால் வீலுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை.

ஒன்பதாம் படி: எண்ணெய். பெட்டிக்கு 90 எண் கியர் எண்ணெய் ஊற்றுங்கள். கெட்டியான கிரீஸை அடைத்தால் முளைகள் அதைத் தள்ளிவிட்டுப் பள்ளத்தை உலர விடும். எண்ணெய் ஒழுகுகிறது என்றால் சீலை மாற்றுவதுதான் வழி.

பத்தாம் படி: சோதனை. முன் அச்சைத் தூக்கி நிறுத்தி, வீலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். டயர் எங்கும் உரசக் கூடாது. பிரேக் குழாய் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பேட்டரியை இணைத்து, வீலைத் திருப்பியபடியே ஹாரனை அழுத்திப் பாருங்கள். முன்சக்கரங்களின் உட்கூம்பு 3/64 முதல் 3/32 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு காலியான மைதானத்தில், நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். வளைவிலிருந்து வெளிவரும்போது வீலைத் தளர விட்டால் அது தானாக நேருக்குத் திரும்ப முயல வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

குறையும் காரணமும்

வீல் மேலும் கீழும் அசைகிறது: மேல்மூடியில் ஷிம் அதிகம்.

சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கனக்கிறது: தூண் கோணல், அல்லது தண்டு வளைவு.

நடுவில் சிக்குகிறது: பக்கத்திருகு அதிகமாக இறுக்கப்பட்டுள்ளது.

வளைவுக்குப் பின் வீல் நேருக்கு வரவில்லை: ஷிம் குறைவு, அல்லது சக்கர முளைப் பேரிங்குகள் இறுக்கம்.

பெட்டியில் ஆட்டமில்லை, ஆனாலும் வண்டி அலைகிறது: பெல் கிராங்க் தேய்ந்திருக்கும். ஒருவரை வீலை இலேசாக அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டுதான் குற்றவாளி.

திருப்பும்போது ஹாரன் அடிக்கிறது: கம்பியின் உறை உரிந்துள்ளது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் 50 ஆண்டுக்கு மேற்பட்ட, வணிகத்துக்குப் பயன்படாத பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவுமுறை 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும் என்றும் அந்த விதிகள் கூறின. வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாடப் போக்குவரத்துக்கு அல்ல. புதிய வண்டியின் பவர் ஸ்டியரிங்கை வெட்டி ஒட்ட நினைப்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய பாகத்தை முறைப்படி சீர்செய்வது சட்டத்துக்கும் உகந்தது, வண்டியின் மதிப்புக்கும் உகந்தது.

பயிற்சி வினாக்கள்

1. பக்கத்திருகை இறுக்கும்போது டிராக் லிங்க் ஏன் கழன்றிருக்க வேண்டும்?

2. மீட்டர் பலகைப் பிடியை ஏன் கடைசியில் இறுக்க வேண்டும்?

3. பழைய ஸ்பிளிட் பின் பார்வைக்கு நன்றாக இருந்தால் பயன்படுத்தலாமா?

விடைகள்

1. டிராக் லிங்க் மாட்டியிருந்தால் சக்கரங்களின் கனமும் மற்ற மூட்டுகளின் இறுக்கமும் சேர்ந்து கைக்குத் தெரியும். நடுவில் வரும் இலேசான பிடிப்பை அப்போது பிரித்துணர முடியாது.

2. பெட்டியின் இடம்தான் முதன்மை. தூண் அதைப் பின்பற்ற வேண்டும். மேல்பிடியை முதலில் இறுக்கினால் பெட்டி தூணின் இழுப்புக்கு இணங்கிக் கோணலாக உட்காரும்.

3. கூடாது. புதியது சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாயை நம்பித்தான் வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறோம்.